டிரில் பிட்டும் கத்தரிக்கோலும்

"யாரு தொட்டதுன்னுதான் கேக்குறேன், நீ தொட்டியான்னா கேட்டேன்–"

"நான் எதுக்குங்க தொடப்போறேன், எனக்கென்ன வேண்டுதலா–"

"செவ்வாக்கிழமை முழுசா வச்சிட்டுப் போன பிட்டு, புதன்கிழமை பாதியா–"

"–உங்க தகர டப்பாவைத் திறந்து ஆணியையும் துருவையும் தரிசனம் பண்றதுக்கு?"

"பேசவிடு யூஜினி!"

"ரெண்டு நாளா நீங்கதான பேசுறீக. நான் இப்பத்தான் வாயைத் திறந்தேன்."

உபகாரசாமி கையிலிருந்த தகர டப்பாவை மேசை மேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அது விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. காரைக்குடியில் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், நாலடிக்கு மூன்றடி இடத்தைப் பிடித்து அதற்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பேரும் வைத்துவிட்டார். உள்ளே போகும்போது குனிய வேண்டும். வெளியே வரும்போது மறந்துபோய் நிமிர்ந்து தலையில் இடித்துக்கொள்ள வேண்டும். இது தினப்படி நடப்பது.

"ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம். இன்னிக்கி வியாழன். செபமாலைக்கு வேணும் அம்பத்தொம்போது மணி, முப்பத்தஞ்சுலதான் ஓட்டை போட்டிருக்கு. பிட்டு இல்லாம மிச்சத்துக்கு நான் என்ன பல்லாலயா கடிச்சு ஓட்டை போடுவேன்?"

"அந்த தங்கக் கலர் பெட்டி இருக்குல்ல. அறுபது பிட்டு, டைட்டானியம், உலகத்துலயே ஒசத்தின்னு போன்ல ஆர்டர் போட்ட அன்னைக்கு தெருவுக்கே காட்டுனீகளே."

உபகாரசாமி தகர டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த சின்னப் பிட்டுகளில் ஒன்று வெண்ணெயில் போட்ட கம்பி மாதிரி வளைந்துவிட்டது. இன்னொன்று நேராகப் போகிறேன் என்று பக்கவாட்டில் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. நாலு மணி வீண். மணி என்றால் சும்மா மணியா? கீழச்சிவல்பட்டியில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பர்மா தேக்குச் சட்டம், ரெண்டு முழம். அதை லேத்தில் கொடுத்து உருட்டி வாங்கியதில் அறுபத்தாறு மணி தேறிற்று. அதற்குமேல் ஒரு மணி வேண்டுமென்றால் பர்மாவுக்குத்தான் போக வேண்டும். இருபத்துநாலு ஓட்டை இன்னும் போட வேண்டும், கையில் இருப்பது இருபத்தேழு மணி.

செபமாலை யாருக்கு என்றால், மகன் செல்வினுக்குப் பார்த்திருக்கும் பெண் பெனிட்டாவுக்கு. 'என் கையாலயே செஞ்ச செபமாலையைத்தான் பொண்ணு கையில குடுப்போம்' என்று உபகாரசாமி தேவகோட்டைச் சம்பந்தியிடம் போனில் சொல்லிவிட்டார். சொன்னது தப்பில்லை. யாரிடம் சொன்னார் என்பதுதான் தப்பு. சம்பந்தி மரிய ஜெரால்டு. ஐ.டி.ஐ.யில் இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டர் வாத்தியார். கல்யாணப் பேச்சுக்கு வந்த அன்றைக்கே, உட்காரும் முன்னால், இவர்கள் வீட்டு வாசல் கதவின் கீலைப் பார்த்து, "ரெண்டாவது திருகு மரை தப்பி ஏறியிருக்கு" என்றவர். அப்படிப்பட்டவர் செபமாலையைக் கையில் வாங்கினால் செபமா சொல்லுவார்? ஒவ்வொரு ஓட்டையாகப் பார்ப்பார்.

"சம்பந்தி முன்னால என் மானம் போகப்போகுது" என்றார் உபகாரசாமி. "செல்வின் கோயமுத்தூர்லேருந்து கொண்டாந்து குடுத்த ஒத்தப் பிட்டு. அப்பா, இது ஒண்ணே போதும், பத்திரமா வச்சுக்கங்கன்னு சொல்லிக் குடுத்தான். அதை எவனோ..."

"எவனோ, எவனோன்னா இந்த வீட்டுல வேற எவன் இருக்கான்? எலி தின்னுருக்கும்."

"எலி இரும்பு திங்குமா?"

"உங்க ஒர்க்‌ஷாப் எலிதான. எதுவும் திங்கும்."

யூஜினியா சமையலறைக்குள் போய்விட்டாள். போனவள் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் பையில் சுற்றி வைத்தது வைத்தபடி இருந்தது. இடியாப்ப அச்சு. பித்தளை. அவள் அம்மா வீட்டுச் சீர்.

நடந்தது இதுதான். புதன்கிழமை காலையில் அவர் பூசைக்குப் போயிருந்தார். இடியாப்பத்துக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டுப் பார்த்தால் அச்சில் பாதி ஓட்டை பழைய மாவு காய்ந்து அடைத்துக் கிடந்தது. ஊசியால் குத்தினாள், போகவில்லை. அப்போதுதான் மாடிப்படிக்குக் கீழே திறந்து கிடந்த டப்பாவில் அது மினுங்கியது. திருகு திருகாக, சன்னமாக, அளவெடுத்துச் செய்த மாதிரி. அவள் என்ன அதை ஒரேயடியாகவா எடுத்தாள்? ஒரு ஓட்டைக்கு என்றுதான் எடுத்தாள். உள்ளே விட்டுத் திருகி இழுத்தால் காய்ந்த மாவு சுருள் சுருளாக வருகிறது! முப்பது வருஷமாக இடியாப்பம் செய்கிறாள், இப்படி ஒரு சுகத்தைக் கண்டதில்லை. இருபத்திரண்டு ஓட்டை முடித்தாள். இருபத்துமூன்றாவதில் டக்கென்று ஒரு சத்தம். பாதி கையில், பாதி ஓட்டையில்.

கையிலிருந்த பாதியைத் திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டாள். அன்றைக்கும் தோசை, மறுநாளும் தோசை.

உண்மையைச் சொல்லிவிட்டுப் போவதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். கஷ்டம் ஒரு கத்தரிக்கோலில் இருந்தது. யூஜினியா முப்பது வருஷம் தையல் தைத்தவள். பேரூரணிப் பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ரவிக்கை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸ் குடிலுக்கு நட்சத்திரம் செய்கிறேன் என்று, உபகாரசாமி அவளுடைய துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து டால்டா டின்னை வெட்டிவிட்டார். பதினோரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. பூசையில் சாமியார் 'சமாதானம் சொல்லிக்கொள்வோம்' என்றபோது மட்டும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், அதுவும் கோயில் என்பதற்காக. அன்று முதல் இன்று வரை வீட்டில் என்ன சண்டை வந்தாலும், அது மின்சாரப் பில்லோ, மீன் வாங்கிய லட்சணமோ, கடைசியில் வந்து நிற்கிற இடம் கத்தரிக்கோல். "அடுத்தவுக தொழில் சாமானைத் தொடக்கூடாதுங்கிற அறிவு இல்லாத மனுசன்தான நீங்க" என்று ஆரம்பித்தால் உபகாரசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இருபத்தெட்டு வருஷமாக அவள் தோற்றதே இல்லை. அதைப்போய் ஒரு இடியாப்ப ஓட்டையில் விட்டுவிடுவதா?

சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். ஆனால் எந்தக் கட்டளையை மீறியது என்று சாமியார் கேட்டால்? களவு என்றால், திருப்பி வைத்துவிட்டாளே. பாதியைத்தான் வைத்தாள், சரி.

"ஏங்க" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். "சட்டையை மாட்டுங்க. குழந்தைவேலு கடைக்குப் போவோம். நல்ல பிட்டா வாங்கிருவோம்."

"நீ எதுக்கு?"

"நீங்க தனியாப் போனா தங்கக் கலரா பாத்து வாங்கிட்டு வருவீக."

---

குழந்தைவேலு செக்காலைப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, காதில் ஒரு பென்சில்.

"வாங்க சார், வாங்கக்கா. கல்யாண வீட்டுக்காரவுக என்ன இங்குட்டு? வெள்ளையடிக்கவா?"

"சின்ன டிரில் பிட்டு வேணும்" என்றார் உபகாரசாமி. "ஒசத்தியா. விலையைப் பத்தி இல்ல. நல்லா மஞ்சளா மினுமினுன்னு..."

"பாத்தீகளா" என்றாள் யூஜினியா, கடைக்காரரைப் பார்த்து.

"சார், மஞ்சள்ல என்ன இருக்கு? பூச்சு பூசுறதுக்கு எந்த இரும்பும் வேணாம்னு சொல்லாது. எதுல ஓட்டை போடணும்?"

"தேக்கு. செபமாலை மணி."

"அளவு?"

உபகாரசாமி வாயைத் திறந்து மூடினார். "நூல் போற அளவு."

"எந்த நூலு சார்? தையல் நூலா, தாம்புக் கயிறா?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு" என்றாள் யூஜினியா.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், தெரியக்கூடாதா? பதினெட்டாம் நம்பர் மிஷின் ஊசி போகும், அதுக்கு மேல ஒரு இழை இடம் இருக்கும். இடி–" என்றவள் இருமினாள். "இடிச்சுப் பாத்த மாதிரி ஞாபகம்."

"எதை இடிச்சு?"

"இப்ப பிட்டு வாங்க வந்தோமா, பட்டிமன்றத்துக்கு வந்தோமா?"

உபகாரசாமி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். முறிந்த பாதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார் மனுஷன், போலீஸ்காரர் சாட்சி கொண்டுவருகிற மாதிரி.

குழந்தைவேலு அதை வாங்கி, மேசை டிராயரில் கிடந்த லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். வைத்தவர் லேசில் எடுக்கவில்லை.

"சார், இதுல தேக்குலதான ஓட்டை போட்டீக?"

"தேக்குலதான்."

"தேக்குல போட்டா தூள் காப்பிக் கலர்ல இருக்கும். இந்தப் பள்ளத்துல மஞ்சளா ஒட்டியிருக்கு பாருங்க. பித்தளைத் தூளு மாதிரில்ல தெரியுது."

"பித்தளையா?"

கடைக்கு வெளியே ஒரு நெல் லாரி புதுவயல் பக்கமாகப் போனது. அது போய் முடிகிற வரைக்கும் யூஜினியாவுக்கு அவகாசம் கிடைத்தது. அது போதும் அவளுக்கு.

"தங்கக் கலர் பெட்டிப் பிட்டெல்லாம் அதே டப்பாவுலதான கிடந்துச்சு. பூச்சு உதுந்து ஒட்டியிருக்கும். ஒரு நாள்ல உதுர்ற பூச்சு, அதைப்போயி டைட்டானியம்னு..."

உபகாரசாமி காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். தன் பெட்டியைப் பற்றிய பேச்சு என்றதும் அவருக்கு விசாரணையில் இருந்த ருசி போய்விட்டது.

குழந்தைவேலு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொட்டினார். ஒன்று புள்ளி இரண்டில் பத்துப் பிட்டு. உபகாரசாமி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்லாத்தான் இருக்கு" என்று தலையாட்டினார். யூஜினியா அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். கடை மேசையின் கண்ணாடி மேல் இருந்த ரசீதுப் புத்தகத்தைத் தள்ளிவிட்டாள். பிட்டைப் படுக்கவைத்து ஒரு விரலால் உருட்டினாள். அது தத்தித் தத்திப் போயிற்று, முனை ஏறி இறங்கிற்று.

"கோணல்" என்றாள்.

இரண்டாவது. "கோணல்." மூன்றாவது. "இது குடிச்சிருக்கு."

"அக்கா, இது கடை மேசையா, கேரம் போர்டா?"

"மிஷின் ஊசி வாங்குறப்ப நாங்க இப்படித்தான் பாப்போம். கோணல் ஊசி துணியைக் கிழிக்கும். கோணப் பிட்டு மணியைக் கிழிக்காதா? நேரா இருந்தா சத்தமில்லாம உருளும். காதை வச்சே சொல்லலாம்."

பத்தில் இரண்டுதான் ஒழுங்காக உருண்டன. குழந்தைவேலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு பிட்டும் தனித்தனிக் குழாயில் இருந்தது.

"இதைச் சொல்லுங்க. இது வாட்ச் ரிப்பேர்காரவுக, நகை ஆசாரிமாருக வாங்குற சரக்கு. சும்மா முறுக்கி எடுத்தது இல்ல, கடைஞ்சு எடுத்தது. பள்ளத்தைப் பாருங்க, உள்ளயும் பளபளன்னு இருக்கும்."

யூஜினியா உருட்டினாள். கண்ணாடி மேல் எண்ணெய் ஓடுகிற மாதிரி ஓடிற்று. லென்ஸை வாங்கி முனையைப் பார்த்தாள். இரண்டு பக்கத்து வெட்டும் ஒரே நீளம், நடுக்கோடு நட்டநடுவில். அடுத்த குழாயில் இருந்தது ஒரு பக்கம் நீண்டிருந்தது. அதை ஒதுக்கினாள்.

"அது என்னக்கா குத்தம் பண்ணுச்சு?"

"ஒரு பக்கம் மட்டும் வெட்டும். ஓட்டை பெருசாப் போயிரும். தையல்ல ஒரு கை நீளமா வச்சா ரவிக்கை எங்குட்டுப் போகும், அப்படித்தான்."

குழந்தைவேலு காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடியும் செருகிக்கொண்டார். "சார், நீங்க இத்தனை வருசமா அக்காவைத் துணி தைக்க விட்டுட்டீகளே."

"அந்தப் பெட்டியில அறுபது இருக்குமே, வேற அளவும் நாலஞ்சு..." என்றார் உபகாரசாமி, கடைசி நம்பிக்கையாக.

"அறுபது அளவு எதுக்கு சார்? உங்க சோலிக்கு ஒரே அளவு. அதுல நல்லதா மூணு வச்சுக்கங்க. மிஷின்ல மாட்டுறப்ப ரொம்ப வெளிய நீட்டி விடாதீக, கொஞ்சமா நீட்டுங்க. அமுக்காதீக. நாலு சுத்துக்கு ஒரு தடவை வெளிய எடுத்துத் தூளை ஊதிவிட்டு மறுபடி விடுங்க. நல்ல பிட்டு தேக்குல முறியாது. முறிஞ்சா அது வேற எங்கயோ போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்."

"வெயில் ஏறுது, போவோம்" என்றாள் யூஜினியா.

---

வெள்ளிக்கிழமை முழுவதும் மாடிப்படிக்குக் கீழே ஞீ ஞீ என்று சத்தம். மணியைத் துணி கிளிப்பில் பிடித்து, டிரில்லை மெதுவாக இறக்கி, எடுத்து, ஊதி, மறுபடியும் இறக்கி. ஒவ்வொன்றும் முடிந்ததும் உபகாரசாமி அதைச் சன்னலுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ஓட்டை வழியாக வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தால், "ஆமென்" என்பார். இருபத்துநாலு தரம் ஆமென். பிட்டு முறியவில்லை. ஒரு மணிகூடத் தெறிக்கவில்லை. கடைசி ஆமெனுக்கு எழுந்து நிமிர்ந்து தலையில் இடித்துக்கொண்டபோதும் சிரித்தார்.

அதே வெள்ளிக்கிழமை, டிரில் சத்தம் கேட்கும்போதெல்லாம் யூஜினியா அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து அச்சை எடுத்தாள். குண்டூசியால் குத்தினாள். ஆணியால் தட்டினாள். பிரிட்ஜில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தைக் கழற்றிக் காட்டினாள், "தாயே, இழுத்து விட்டிருங்க" என்று. முறிந்த துண்டு அசையவில்லை. ராத்திரி, "நாளைக்காவது இடியாப்பமா?" என்று கேட்டவருக்குக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்த சத்தம்தான் பதில்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மரிய ஜெரால்டு வந்துவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை வண்டி வரும் என்று கேட்க வந்தேன் என்றார். கண் நேரே வாசல் கதவுக் கீலுக்குப் போயிற்று. அதற்குள் உபகாரசாமி செபமாலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டார்.

மரிய ஜெரால்டு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மணி மணியாகத் தள்ளிப் பார்த்தார். யூஜினியா காப்பித் தம்ளரோடு நின்றாள். உபகாரசாமி கூடவே மணிகளை வாய்க்குள் எண்ணினார்.

"இதுல முப்பத்தஞ்சு மணி ஒரு பிட்டு" என்றார் சம்பந்தி. "மிச்சம் வேற பிட்டு."

"எப்படிச் சம்பந்தி..."

"விளிம்பைப் பாத்தாத் தெரியாதா? ரெண்டுமே நல்ல பிட்டு. ஆனா ரெண்டாவது ரொம்பச் சுத்தம். எங்க பசங்களுக்கு ஒரு வருசம் சொல்லிக் குடுத்தாலும் இப்படிப் பாத்து வாங்க வராது. யாரு எடுத்தது?"

உபகாரசாமி யூஜினியாவைத் திரும்பிப் பார்த்தார். 'நான்தான்' என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. யூஜினியாவே அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"இவதான்" என்றார். "கடைக் கண்ணாடியில உருட்டி உருட்டிப் பாத்து எடுத்தா. நான் மஞ்சக் கலரைக் கேட்டேன். இவ இல்லைன்னா இந்தச் செபமாலை இல்ல."

யூஜினியாவுக்குக் காப்பித் தம்ளர் சுட்டது அப்போதுதான் தெரிந்தது. மனுஷன் இப்படிச் சொல்லுவார் என்று யார் கண்டது? சொல்லிவிடலாம் என்று இருந்தது. சம்பந்தி போனதும் சொல்லிவிட வேண்டும், கத்தரிக்கோலோடு சேர்த்து ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று உபகாரசாமி சம்பந்தியின் கையைப் பிடித்தார். "யூஜினி, இடியாப்பம்."

"தோசை மாவு இருக்கு, ரெண்டு நிமிசத்துல–"

"இடியாப்பமா? இருக்கேன், இருக்கேன்" என்றார் மரிய ஜெரால்டு. "பெனிட்டாவுக்கும் உசுரு. எங்க வீட்டு அச்சு மரை போயிக் கிடக்கு."

அப்புறம் என்ன செய்வது? மாவைப் பிசைந்தாள். அச்சை எடுத்தாள். "நானே பிழியுறேன், நீங்க பேசிக்கிட்டிருங்க" என்றாள்.

"உன் தோள்பட்டையை வச்சுக்கிட்டா? எப்பவும் நான்தான பிழிவேன்" என்று உபகாரசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அச்சைக் கையிலிருந்து வாங்கினார். வாங்கிக் குழாயில் ஒரு அலசு அலசினார். நாலு நாளாக மணிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்த கை. பழக்கத்தில் அச்சையும் சன்னலுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஓட்டை ஓட்டையாக வெளிச்சம். ஒரு ஓட்டையில் மட்டும் இல்லை.

விரலால் தடவினார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். பாதியை அந்த ஓட்டையின் மேல் வைத்தார். முறிந்த வாய் முறிந்த வாயோடு கச்சிதமாகப் பொருந்திற்று.

கூடத்தில் மரிய ஜெரால்டு செபமாலையை உருட்டுகிற சத்தம் கேட்டது. அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று உபகாரசாமி குரலைத் தாழ்த்தினார். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பார்த்தே இராத ஒரு சிரிப்பு முகத்தில் மெல்ல ஏறிற்று.

"யூஜினி, நான் உன் கத்தரிக்கோலை எடுத்து இப்ப எத்தனை வருசம் ஆச்சு?"